பெயர் முன்கூட்டித் தெரியாதபோது

டீ ஆறுவதற்குள் இந்த முகவரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உதாரணம்.பரிட்சை/கூடை?அளவு_17=2&அளவு_42=1&கூப்பன்=பொங்கல்

ஒரு கடையின் கூடைப் பக்கம் இது. 17-ஆம் எண்ணுள்ள பொருளில் இரண்டு, 42-ஆம் எண்ணுள்ள பொருளில் ஒன்று, கூடவே ஒரு கூப்பன். (‘உதாரணம்.பரிட்சை’ நான் கட்டிய பெயர் அல்ல. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் இணைய முகவரி வேலை செய்கிறதா என்று பார்க்க 2007-ல் ஐகான் அமைப்பு பல மொழிகளில் சோதனைப் பெயர்களை நிறுவியது. தமிழுக்கு வந்தது இதுதான்.)

கூப்பனை எடுப்பதில் சிரமம் இல்லை. எந்த மொழியில் கோட் எழுதினாலும் ‘கூப்பன்’ என்ற பெயரைக் கொடுத்தால் ‘பொங்கல்’ கைக்கு வந்துவிடும். சிக்கல் அளவில்தான். 17, 42 என்ற எண்கள் பாராமீட்டரின் மதிப்பில் இல்லை, பெயருக்குள் இருக்கின்றன. நாளை வேறொருவர் 9-ஐயும் 3051-ஐயும் வாங்குவார். கோட் எழுதும் நேரத்தில் அந்தப் பெயர்கள் நமக்குத் தெரியாது. தெரியாத பெயரைச் சொல்லி எப்படிக் கேட்பது?

கேட்கவே கூடாது என்பதுதான் விடை. வந்த ஜோடிகள் அத்தனையையும் வரிசையாகப் பார்த்து, நமக்கு வேண்டிய வடிவத்தில் பெயர் அமைந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மளிகைக் கடைக்காரரிடம் நீட்டும் சீட்டைப் போலத்தான் இது. அதில் என்னென்ன எழுதியிருக்கும் என்று அவருக்கு முன்னால் தெரியாது. மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படித்து, கடையில் உள்ளதை எடுத்து வைப்பார்.

இவ்வளவோடு இதை முடித்துவிடலாம். லூப் எழுத நான்கு வரி போதும். ஆனால் அந்த நான்கு வரியைச் சுற்றி முப்பது ஆண்டுப் பழக்கங்களும் சில பெரிய விபத்துகளும் இருக்கின்றன. அவை தெரியாமல் எழுதிய லூப் சோதனையில் ஓடும், சந்தைக்குப் போனதும் விழும். அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன்.

கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை க்யூரி ஸ்ட்ரிங் என்கிறோம். முகவரிகளின் இலக்கணத்தைச் சொல்லும் ஆர்எஃப்சி 3986 என்ற ஆவணம் 2005 ஜனவரியில் வந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மாசின்டர் மூவரும் எழுதியது. முதல் ‘?’ குறிக்குப் பின் தொடங்கி ‘#’ வரை, ‘#’ இல்லையென்றால் கடைசி வரை உள்ளது க்யூரி என்று அது சொல்கிறது. அதற்குள் ‘பெயர்=மதிப்பு’ என்றுதான் இருக்க வேண்டும் என்றோ, ஜோடிகளை ‘&’ பிரிக்க வேண்டும் என்றோ விதிக்கவில்லை. அப்படி அனுப்புவது வழக்கம் என்று போகிற போக்கில் குறிப்பிடுவதோடு சரி.

அந்த வழக்கம் ஃபார்ம்களிலிருந்து வந்தது. ஒரு பக்கத்தில் கட்டங்களை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் பிரவுசர் அவற்றை எப்படிக் கோத்து அனுப்ப வேண்டும் என்பதை 1995-ல் வந்த எச்டிஎம்எல் 2.0 வரையறுத்தது. பெயருக்கும் மதிப்புக்கும் நடுவே ‘=’, ஜோடிகளுக்கு நடுவே ‘&’, இடைவெளிக்குப் பதில் ‘+’. சர்வர் பக்கத்தில் சிஜிஐ நிரல்களுக்கு இந்த முழுச் சரமும் பிரிக்கப்படாமல் ஒரே மாறியாகக் கிடைத்தது. பிரிப்பது அவரவர் பாடு. ஒவ்வொருவரும் தன் வழியில் பிரித்தார்கள். பின்னால் வந்த லைப்ரரிகள் அந்த வழிகளையே நிலைநிறுத்தின. இன்று மொழிக்கு மொழி நடத்தை மாறுவதற்கு வேர் இங்கே இருக்கிறது.

இனி பிரிக்கும் வேலைக்கு வருவோம். இதில் வரிசை மிக முக்கியம்: முதலில் வெட்ட வேண்டும், பிறகுதான் டீகோட் செய்ய வேண்டும். மதிப்புக்குள்ளேயே ஒரு ‘&’ இருந்தால் அது ‘%26’ என்று மாறி வரும். ‘கடை=அண்ணாச்சி%26மகன்’ என்று வந்த சரத்தை முதலில் டீகோட் செய்துவிட்டால் ‘கடை=அண்ணாச்சி&மகன்’ ஆகிவிடும். பிறகு வெட்டினால் ‘மகன்’ என்ற பெயரில் மதிப்பே இல்லாத புதுப் பாராமீட்டர் ஒன்று முளைக்கும். நம் கதையில் பெயர்களும் வெளியிலிருந்து வருவதால் இந்தத் தவறு இரட்டிப்பு ஆபத்து. யாரோ ஒருவர் மதிப்புக்குள் ‘%26அளவு_99’ என்று ஒளித்து வைத்தால், நம் லூப் அதை உண்மையான பொருளாக எடுத்துக்கொள்ளும்.

‘&’ குறியில் வெட்டிய ஒவ்வொரு துண்டையும் முதல் ‘=’ குறியில் மட்டும் வெட்ட வேண்டும். மதிப்புக்குள் ‘=’ வருவது சாதாரணம்; பேஸ்64 முறையில் எழுதிய சரங்கள் பெரும்பாலும் ‘=’ அல்லது ‘==’ என்றுதான் முடியும். எல்லா ‘=’ குறியிலும் வெட்டி இரண்டாவது துண்டை எடுக்கும் கோட் அந்த வாலைத் தொலைத்துவிடும். ‘=’ குறியே இல்லாத துண்டு வந்தால் அதைப் பெயராகவும், மதிப்பை வெற்றுச் சரமாகவும் கொள்வது பிரவுசர்களின் நடைமுறை. பைத்தானின் நிலையான லைப்ரரி அப்படிச் செய்வதில்லை. வெற்று மதிப்புள்ள ஜோடிகளை அது இயல்பாகவே விட்டுவிடும். வைத்துக்கொள் என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டும். ‘அளவு_17=’ என்று காலியாக அனுப்பியவர் அந்தப் பொருள் வேண்டாம் என்று சொல்கிறாரா, நிரப்ப மறந்தாரா என்பதை உங்கள் நிரல் தீர்மானிக்க வேண்டும். லைப்ரரி அந்தத் தகவலைச் சத்தமில்லாமல் விழுங்க விடாதீர்கள்.

வெட்டியாயிற்று. இனி இரண்டு பக்கத்தையும் டீகோட் செய்யலாம். மதிப்பை மட்டும் டீகோட் செய்துவிட்டுப் பெயரை அப்படியே விடும் கோட் இன்னமும் எழுதப்படுகிறது. பெயர்கள் ஆங்கிலத்திலும் எண்களிலும் இருக்கும்வரை அது தெரியாது. ‘அளவு’ என்று எழுதுங்கள், உடனே தெரிந்துவிடும். யூனிகோடில் இந்தச் சொல் அ, ள, வ, உகரக் குறி என நான்கு குறியெண்கள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ‘%’ குறியோடு சேர்த்து மூன்று எழுத்து. ஆக நாம் நான்கு குறிகளில் எழுதும் ‘அளவு’ கம்பியில் 36 எழுத்துகளாகப் பயணிக்கிறது. பிரவுசரின் முகவரிப் பட்டையில் தமிழாகத் தெரிந்த முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளின் பெருங்கூட்டம் ஒன்று வந்து விழுவது இதனால்தான்.

‘+’ குறியைப் பற்றி ஒரு வரி. ஃபார்ம் வழக்கத்தில் அது இடைவெளி. ஆனால் முகவரியின் பொது இலக்கணத்தில் அது வெறும் ‘+’. ஜாவாஸ்கிரிப்ட்டின் பழைய டீகோட் ஃபங்ஷன் அதைத் தொடாமல் விடும். புதிய யூஆர்எல்சர்ச்பாராம்ஸ் இடைவெளியாக மாற்றும். ஒரே பக்கத்தில் இரண்டையும் கலந்து எழுதினால் ‘சி++’ என்று தேடியவருக்கு ஓரிடத்தில் சரியாகவும் இன்னோரிடத்தில் ‘சி’ என்றும் விடை வரும்.

இப்போது ஜோடிகள் கையில் இருக்கின்றன. எதில் வைப்பது? கை முதலில் டிக்‌ஷனரியை நோக்கித்தான் போகும். அங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். ஒரே பெயர் இருமுறை வந்தால் டிக்‌ஷனரியில் ஒன்றுதான் நிற்கும். எது நிற்கும் என்பதில் உலகம் ஒத்துப்போகவில்லை. பிஎச்பி கடைசியாக வந்ததை வைத்துக்கொள்ளும். ஜாவா சர்வ்லெட் முதலாவதைத் தரும். ஏஎஸ்பி.நெட் இரண்டையும் நடுவில் காற்புள்ளி போட்டு ஒட்டித் தரும். பைத்தானுக்குள்ளேயே ஜாங்கோ கடைசியையும் ஃபிளாஸ்க் முதலாவதையும் தருகின்றன. இது வெறும் ரசனை வேறுபாடு இல்லை. முன்னால் நிற்கும் காவல் சர்வர் முதல் மதிப்பைச் சோதித்து அனுமதிக்க, பின்னால் இருக்கும் நிரல் கடைசி மதிப்பை எடுத்துக் காரியம் செய்தால் காவலுக்கு அர்த்தமே இல்லை. ஸ்டெஃபானோ டி பவோலா, லூகா கரெட்டோனி இருவரும் 2009-ல் ஓவாஸ்ப் மாநாட்டில் இந்தத் தாக்குதல் முறையை விரிவாக விளக்கினார்கள்.

2021-ல் பைத்தானிலும் இதே குடும்பத்துப் பிரச்சினை வெளிப்பட்டது. ‘&’ குறியை எச்டிஎம்எல் பக்கத்துக்குள் எழுதுவது தொல்லை என்பதால், அரைப்புள்ளியையும் பிரிப்பானாக ஏற்கும்படி 1999-ன் எச்டிஎம்எல் 4.01 சர்வர்களுக்குப் பரிந்துரைத்திருந்தது. பைத்தான் அதைப் பின்பற்றி இரண்டிலும் வெட்டிவந்தது. நடுவில் இருக்கும் கேஷ் சர்வரோ ‘&’ குறியை மட்டுமே மதித்தது. கேஷ் ஒரு பாராமீட்டர் என்று நினைத்ததைப் பைத்தான் இரண்டாகப் படித்ததால், ஒருவருக்குத் தயாரித்த பக்கத்தை இன்னொருவருக்குக் கொடுக்கவைக்க முடிந்தது. அதன்பின் பைத்தான் இயல்பாக ‘&’ குறியில் மட்டும் வெட்டுகிறது.

ஆகவே முதல் கட்டத்தில் ஜோடிகளின் பட்டியலாகவே வைத்திருங்கள், வந்த வரிசை மாறாமல். யூஆர்எல்சர்ச்பாராம்ஸ் அப்படித்தான் தருகிறது. பைத்தானிலும் டிக்‌ஷனரி தரும் ஃபங்ஷனுக்குப் பக்கத்திலேயே பட்டியல் தரும் ஃபங்ஷன் இருக்கிறது. பிறகு லூப்:

ஒவ்வொரு (பெயர், மதிப்பு) ஜோடிக்கும்:
— பெயர் ‘அளவு_’ என்று தொடங்காவிட்டால் விட்டுவிடு.
— மீதி உள்ளது பொருள் எண்ணா என்று பார். இல்லையென்றால் பிழை சொல்.
— அந்த எண்ணுள்ள பொருள் கடையில் உண்டா என்று பார். இல்லையென்றால் பிழை சொல்.
— மதிப்பு ஏற்கத்தக்க அளவா என்று பார். இல்லையென்றால் பிழை சொல்.
— இதே பொருள் ஏற்கெனவே வந்திருந்தால் பிழை சொல். இல்லையென்றால் கூடையில் சேர்.

இரண்டாவது வரிதான் இதில் நுட்பமானது. தமிழில் வேலை செய்பவர்கள் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டிய வரியும்கூட. பைத்தானில் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ‘இலக்கம்’ என்ற குறியீடு இயல்பாக 0 முதல் 9 வரை மட்டும் பொருந்துவதில்லை. யூனிகோடில் இலக்கம் என்று பதிவான எல்லாவற்றுக்கும் பொருந்தும், நம் தமிழ் எண்கள் உட்பட. எண்ணாக மாற்றும் ஃபங்ஷனும் அவற்றை ஏற்கும். ஆகவே ‘அளவு_௧௭’ என்று அனுப்பினாலும் பைத்தானுக்கு அது 17. ஜாவாஸ்கிரிப்ட்டில் அதே குறியீடு 0 முதல் 9 வரையோடு நின்றுவிடும். முன்பக்கம் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் பின்பக்கம் பைத்தானிலும் இருக்கும் கடையில் இந்த ஒரு பெயர் ஒரு பக்கம் குப்பை, மறுபக்கம் சரக்கு. தமிழ் எண்களை ஏற்பது அழகான விஷயம், ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். ஆனால் தெரிந்து ஏற்க வேண்டும்.

‘அளவு_017’, ‘அளவு_+17’ ஆகியவையும் எண்ணாக மாறினால் 17-தான். பைத்தான் ‘1_7’ என்பதையும் 17 என்றே படிக்கும். ஒரே பொருளுக்கு நான்கு பெயர்! சரங்களாக ஒப்பிட்டு ‘ஏற்கெனவே வந்ததா’ என்று பார்க்கும் சோதனை இவற்றில் ஏமாந்துவிடும். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி: எண்ணாக மாற்றியதைத் திரும்பவும் சரமாக்கி, வந்த சரத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஏற்காதீர்கள். தமிழ் எண்ணும் வேண்டுமென்றால் முதலில் அவற்றை 0 முதல் 9 வரையிலான வடிவத்துக்கு மாற்றிவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு கண்ணியும் உண்டு. ‘பொருள்’ என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ப-வோடு ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியெண்ணைச் சேர்க்கலாம். அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியெண்களாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, பைட்டுகளில் வேறு. ‘பொருள்_’ என்று தொடங்குகிறதா என்று நிரல் ஒப்பிடும்போது ஒன்று பொருந்தும், மற்றது பொருந்தாது. கண்ணால் பார்க்கும் மனிதருக்குக் காரணம் புலப்படாது. ஒப்பிடுவதற்கு முன் என்எஃப்சி என்ற நார்மலைசேஷனைச் செய்தால் இரண்டும் ஒற்றை வடிவத்துக்கு வந்துவிடும். எல்லா முக்கிய மொழிகளிலும் இதற்கு ஃபங்ஷன் இருக்கிறது.

மாறும் பெயர்களை அடிக்கோடு போட்டு நாமே கட்டுவது ஒரு முறை. சதுர அடைப்புக்குறி போடுவது இன்னொரு முறை: ‘அளவு[17]=2&அளவு[42]=1’. பிஎச்பி இதைப் பார்த்தவுடன் ‘அளவு’ என்ற ஒரே அரேயைக் கட்டி, 17-ஐயும் 42-ஐயும் அதன் சாவிகளாக வைத்துத் தரும். ரூபி ஆன் ரெயில்ஸும் நோடின் ‘க்யூஎஸ்’ லைப்ரரியும் இதையே ஏறக்குறையப் பின்பற்றுகின்றன. வசதி மிகுந்தது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இது பிரவுசரின் இலக்கணத்தில் இல்லாத ஏற்பாடு. பிரவுசருக்கு ‘அளவு[17]’ என்பது அடைப்புக்குறி உள்ள ஒரு பெயர், அவ்வளவுதான். பைத்தானின் நிலையான லைப்ரரிக்கும் அப்படியே.

பிஎச்பியில் பெயர்களுக்கு இன்னொரு சங்கதியும் நடக்கும். பெயரில் புள்ளியோ இடைவெளியோ இருந்தால் அதை அடிக்கோடாக மாற்றிவிடும்: ‘விலை.உச்சம்’ என்று அனுப்பினால் ‘விலை_உச்சம்’ என்று கிடைக்கும். இது பழைய காலத்து எச்சம். ஒருகாலத்தில் பிஎச்பியில் ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்ற ஏற்பாடு இருந்தது. முகவரியில் வரும் ஒவ்வொரு பெயரும் நிரலுக்குள் நேரடியாக மாறியாகவே பிறந்துவிடும். மாறியின் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது, அதனால்தான் அடிக்கோடு. மாறும் பெயர்களைக் கையாள்வதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை என்று தோன்றும். ஆனால் நிரலில் ‘நிர்வாகி’ என்ற மாறி தொடக்க மதிப்பு இல்லாமல் இருந்தால், முகவரியின் கடைசியில் ‘&நிர்வாகி=1’ சேர்த்தவர் நிர்வாகி ஆகிவிடுவார். 2002-ல் வந்த 4.2.0 பதிப்பில் இது இயல்பாக அணைக்கப்பட்டது, 2012-ல் 5.4 பதிப்பில் முழுமையாக நீக்கப்பட்டது.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. மதிப்பு வெளியிலிருந்து வருகிறது, அதை நம்பக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். பெயரும் வெளியிலிருந்துதான் வருகிறது என்பதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. பெயர் நம் கோடில் எழுதியிருக்கும்வரை அது நமது. பெயர்கள் மாறக்கூடியவை என்று ஒரு நிரலில் முடிவு செய்த கணமே அவை அனுப்புபவருடையவை ஆகிவிடுகின்றன.

இதற்கு ட்ரூபலின் கதையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ட்ரூபல் 7 என்ற வலைத்தள மென்பொருள் 2011-ல் வெளியானது. எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனைத் தடுக்க அதன் டேட்டாபேஸ் அடுக்கு கவனமாகவே கட்டப்பட்டிருந்தது: மதிப்புகள் ஒருபோதும் எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் நேராக ஒட்டப்படாது, வாக்கியத்தில் இடக்குறி வைத்து மதிப்பைத் தனியாக அனுப்புவார்கள். ஒரு மதிப்புக்குப் பதில் அரே வந்தால்? அரேயின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் இடக்குறி வேண்டும். இடக்குறிகளுக்குப் பெயர் வைக்க அரேயின் சாவியையே பின்னால் ஒட்டினார்கள்: பெயர்_0, பெயர்_1 என்று. சாவி எப்போதும் 0, 1, 2 என்றுதான் இருக்கும் என்று அந்த ஃபங்ஷன் நம்பியது.

ஆனால் லாகின் ஃபார்மில் பயனர் பெயர்க் கட்டத்தை ‘பெயர்[0]’ என்று அனுப்புவதற்குப் பதிலாக, அடைப்புக்குறிக்குள் எஸ்க்யூஎல் துண்டு ஒன்றை வைத்து அனுப்பினால் என்ன ஆகும்? பிஎச்பி அதை அப்படியே சாவியாக்கித் தரும். ட்ரூபல் அந்தச் சாவியை இடக்குறியின் பெயராக வாக்கியத்துக்குள் ஒட்டும். வாக்கியம் அங்கேயே உடைந்து, அனுப்பியவரின் எஸ்க்யூஎல் ஓடத் தொடங்கும். இங்கே பாராமீட்டர்கள் முகவரியில் வராமல் ஃபார்மின் உடலில் வந்தன. பெயர்களைக் கோக்கும் முறையும் பிரிக்கும் முறையும் அச்சாக அதேதான். மதிப்புகளுக்குப் போட்ட காவல் கச்சிதமாக இருந்தது. பெயர்கள் வந்த வழியில் காவலே இல்லை.

செக்ட்சியோன்ஐன்ஸ் என்ற ஜெர்மன் பாதுகாப்பு நிறுவனத்தின் ஸ்டெஃபான் ஹோர்ஸ்ட் இதைக் கண்டுபிடித்தார். 2014 அக்டோபர் 15 அன்று 7.32 பதிப்பில் திருத்தம் வந்தது. திருத்தம் ஒரே வரிதான்: அரேயின் சாவிகளைக் கழற்றி எறிந்துவிட்டு மதிப்புகளை மட்டும் 0, 1, 2 என்று புதிதாக எண்ணியது. லாகின் செய்யாத யாரும் செய்யக்கூடிய தாக்குதல் என்பதால் தானியங்கி நிரல்கள் உலகெங்கும் தளங்களைத் தேடித் தாக்கின. இரண்டு வாரம் கழித்து ட்ரூபல் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: திருத்தம் வெளியான ஏழு மணி நேரத்துக்குள் புதுப்பிக்காத தளம் கைப்பற்றப்பட்டுவிட்டதாகவே கருதுங்கள் என்று. ஏழு மணி நேரம் என்பது பாதி உலகம் தூங்கி எழும் நேரம். தளத்தைப் பொறுப்போடு நடத்தியவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள் என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

வரிசைப்படுத்தும் வசதியில் இதே ஓட்டை இன்றும் சின்ன அளவில் திரும்பத் திரும்ப வருகிறது. ‘வரிசை[விலை]=ஏறுமுகம்’ என்று வந்தால் ‘விலை’ என்பதை எடுத்து எஸ்க்யூஎல்லின் வரிசைப் பகுதியில் ஒட்டிவிடத் தோன்றும். இடக்குறி இங்கே உதவாது. இடக்குறியில் மதிப்பை வைக்கலாம், நெடுவரிசையின் பெயரை வைக்க முடியாது. அனுமதித்த பெயர்களின் பட்டியல் ஒன்றை நம் கோடிலேயே எழுதி, வந்த பெயர் அதில் இருந்தால் நாம் எழுதிவைத்த பெயரை எடுத்து ஒட்ட வேண்டும். வந்த சரத்தை ஒட்டவே கூடாது, இரண்டும் ஒரே எழுத்துகளாக இருந்தாலும்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் இதன் உறவுக்காரப் பிரச்சினை ஒன்று உண்டு. வெளியிலிருந்து வந்த பெயர்களைச் சாதாரண ஆப்ஜெக்டில் சாவிகளாகப் போட்டால், ‘__ப்ரோட்டோ__’ என்ற பெயர் வரும்போது அது சாவியாக அமராமல் ஆப்ஜெக்டின் மூலத்தையே தொடும். க்யூஎஸ் லைப்ரரியிலேயே இதற்காகத் திருத்தங்கள் வந்திருக்கின்றன. மேப் என்ற வகையைப் பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லை.

பெயர்களின் உள்ளடக்கம் மட்டுமா, எண்ணிக்கையும் ஆயுதமாகியிருக்கிறது. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில் அலெக்சாண்டர் கிளிங்க், யூலியான் வெல்டே இருவரும் ஓர் உரை நிகழ்த்தினார்கள். டிக்‌ஷனரிகள் பெயரை ஒரு ஹேஷ் எண்ணாக மாற்றி, அந்த எண்ணுக்குரிய இடத்தில் வைக்கும். எல்லாப் பெயர்களும் ஒரே ஹேஷ் எண்ணுக்கு வரும்படி பொறுக்கி எடுத்து ஆயிரக்கணக்கில் அனுப்பினால், ஒவ்வொரு புதுப் பெயரையும் வைக்க முன்னால் வந்த அத்தனையோடும் ஒப்பிட வேண்டியிருக்கும். பெயர்கள் பத்து மடங்கானால் வேலை நூறு மடங்காகும். ஒரே கோரிக்கையால் சர்வரின் பிராசஸரை நெடுநேரம் கட்டிப்போட முடியும் என்று காட்டினார்கள். பிஎச்பி, ஜாவா, பைத்தான், ரூபி, ஏஎஸ்பி.நெட் எல்லாமே அதில் சிக்கின. பைத்தானும் ரூபியும் ஹேஷ் கணக்கில் யாரும் முன்கூட்டி அறிய முடியாத எண்ணொன்றைக் கலந்தன. பிஎச்பி, ஒரு கோரிக்கையில் 1000 பாராமீட்டருக்கு மேல் ஏற்பதில்லை என்று இயல்பு வரம்பு வைத்தது.

அந்த ஆயிரம் நேர்மையான ஃபார்ம்களையும் இடித்தது. 250 வரி, வரிக்கு ஐந்து கட்டம் என்று அட்டவணை ஒன்றைப் போட்டால் 1250 பெயர்கள். கடைசி ஐம்பது வரி சர்வரைச் சேராது. பயனருக்குப் பிழைச் செய்தியும் தெரியாது, சேமித்துவிட்டதாகவே திரை சொல்லும். வேர்ட்பிரஸில் பெரிய மெனுக்களைச் சேமித்தால் கடைசி வரிகள் காணாமல் போனதற்கு இதுதான் காரணம். மெனுவின் ஒவ்வொரு வரிக்கும் அடைப்புக்குறிக்குள் எண் வைத்த பல பெயர்களை அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது. பின்னால் முழு மெனுவையும் ஜேசானாகச் சுருட்டி ஒரே பாராமீட்டரின் மதிப்பாக அனுப்பும்படி மாற்றினார்கள்.

வேர்ட்பிரஸ் போய்ச் சேர்ந்த அந்த இடத்திலிருந்தே தொடங்குங்கள் என்பதுதான் என் ஆலோசனை. இரண்டு முனையும் உங்கள் கையில் இருந்தால் மாறும் பெயர்களைத் தவிர்த்துவிடலாம். ‘பொருள்=17:2&பொருள்=42:1’ என்று அனுப்புங்கள். பெயர் ஒன்றே, அது உங்கள் கோடில் எழுதியது. மாறுவதெல்லாம் மதிப்பில் இருக்கிறது. மதிப்புகளைச் சோதிக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஒரே பெயர் பலமுறை வருவதால் முழுப் பட்டியலையும் தரும் ஃபங்ஷனைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். கூடை பெரிதானால் முகவரியில் வைக்காமல் கோரிக்கையின் உடலில் ஜேசானாக அனுப்புவது இன்னும் நல்லது.

ஒரு முனை மட்டும் உங்களுடையது என்றால் இந்தத் தேர்வு கிடையாது. வேறொரு நிறுவனத்தின் ஃபார்ம் கருவி தன் கட்டங்களுக்குத் தானே பெயர் வைத்து அனுப்பும். பணம் செலுத்தும் சேவை நாம் அனுப்பிய கூடுதல் தகவல்களை முன்னொட்டுச் சேர்த்துத் திருப்பித் தரும். அங்கெல்லாம் மேலே சொன்ன லூப்தான் கதி.

அந்த லூப்பின் முதல் வரியில் ‘விட்டுவிடு’ என்றும் மற்ற வரிகளில் ‘பிழை சொல்’ என்றும் எழுதியதற்குக் காரணம் உண்டு. தெரியாத பெயர் எதுவும் வரக் கூடாது என்று கறாராக எழுதிய நிரல்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நம் பக்கத்தின் இணைப்பை ஒருவர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தால், அதைச் சொடுக்குபவரின் முகவரியில் ஃபேஸ்புக் ‘எஃப்பிக்ளிட்’ என்ற தன் பாராமீட்டரைச் சேர்த்தே அனுப்பும். கூகுள் விளம்பரம் வழியாக வந்தால் ‘ஜிக்ளிட்’ ஒட்டிக்கொண்டு வரும். விளம்பரப் பிரிவினர் ‘யூடிஎம்_’ என்று தொடங்கும் பெயர்களைச் சேர்ப்பார்கள். தெரியாத பெயருக்கெல்லாம் பிழை காட்டும் கடை, ஃபேஸ்புக்கிலிருந்து வரும் வாடிக்கையாளர் அத்தனை பேரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதனால் நம் முன்னொட்டு இல்லாத பெயரைத் தொடாமல் விடுகிறோம். ‘அளவு_’ என்று நம் முன்னொட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் எண் அல்லாத ஏதோ ஒன்றோடு வருவது வேறு. அது பிழையாகவோ முயற்சியாகவோதான் இருக்கும். அதை லாகில் எழுதிவைத்து, கோரிக்கையை 400 என்ற எண்ணோடு திருப்பி அனுப்புங்கள். லாகில் எழுதும்போது வந்த பெயரை அப்படியே எழுதாமல், நீளத்தைக் கத்தரித்து, வரி முறிக்கும் குறிகளை மாற்றிவிட்டு எழுதுங்கள்.